ஆம்ப்புக்கும் சப் ஊஃபருக்கும் ஜோடி சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

காரில் பேஸ் ஒலிக்காக வைக்கும் ஸ்பீக்கரான சப் ஊஃபர் (சப்) கருகினால் பழி முதலில் சப் மேல்தான் விழும். அதை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எத்தனை ஓமில் (மின்தடை அளவு) ஓடியது, கெயின் எங்கே நின்றது என்று யாரும் பார்ப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: சப் தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் வாட், வயரிங் முடிந்தபின் ஆம்ப்புக்குத் தெரியும் மொத்த ஓம்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' வாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஒரு நொடிக்கும் குறைவாகத் தாங்கும் உச்சம். தொடர்ந்து பாடும்போது தாங்குவது ஆர்எம்எஸ் அளவைத்தான். ஆம்ப் பக்கமும் வெறும் '500 வாட்' போதாது. எத்தனை ஓமில், எத்தனை வோல்ட்டில் என்று பாருங்கள். 14.4 வோல்ட்டில் அளந்த வாட், என்ஜின் அணைந்து பேட்டரி 12.6 வோல்ட்டில் நிற்கும்போது பெரும்பாலும் கிடைக்காது. 500 ஆர்எம்எஸ் சப்புக்கு, அதே ஓமில் 400 முதல் 600 வாட் வரை தரும் ஆம்ப் சரியாக இருக்கும்.

ஓம் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாத மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் ஒன்று, 4 ஓமில் 300 வாட்டும் 2 ஓமில் 500 வாட்டும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 2 ஓம் டூயல் காயில் (தலா 2 ஓம் உள்ள இரண்டு கம்பிச்சுருள்) சப்பை வாங்கி வந்துவிட்டால் சிக்கல். இரண்டு காயிலையும் பேரலலில் (பக்க இணைப்பில்) போட்டால் 1 ஓம். ஆம்ப் சூடேறி புரொடெக்ட் விளக்கு எரியும், தப்பினாலும் அதிக நாள் உழைக்காது. சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் 4 ஓம். பத்திரம்தான், ஆனால் 200 வாட் போச்சு. இதே சப் 4 ஓம் டூயல் காயிலாக இருந்திருந்தால் பேரலலில் நேராக 2 ஓம் வந்திருக்கும். ஒரே மாடல் சப் பல சமயம் 2 ஓம், 4 ஓம் என இரண்டு வகையிலும் கிடைக்கிறது. ஆம்ப் எந்த ஓமில் முழுத் திறனைத் தருகிறதோ அதற்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு காயிலை மட்டும் இணைத்து மற்றதைச் சும்மா விடுவதும் தவறு. சப்பின் ஆர்எம்எஸ் இரண்டு காயிலுக்கும் சேர்த்துச் சொன்னது. ஒன்றில் ஓட்டினால் தாங்கும் திறன் ஏறத்தாழப் பாதிதான். இரண்டு சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே சப்பை ஓட்டினால்) ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் உணரும். 4 ஓம் சப் என்றாலும் சேனலுக்கு 2 ஓம்.

வயரை ஆம்ப்பில் மாட்டுவதற்கு முன், மல்டிமீட்டரை ஓமில் வைத்து, சப்பிலிருந்து வரும் அந்த வயரின் இரண்டு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். காயிலின் டிசி அளவு குறித்த ஓமைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். 4 ஓம் டூயல் காயில் பேரலலில் 1.8 பக்கம் காட்டினால் சரி. 7 காட்டினால் சீரிஸில் போட்டிருக்கிறீர்கள். 3.5 காட்டினால் ஒரு காயில் விட்டுப்போயிருக்கிறது. அரை நிமிட வேலை, ஆம்ப்பையே காப்பாற்றும்.

அடுத்தது கெயின். அது வால்யூம் குமிழ் அல்ல. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. அளவு மீறித் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும். அப்போது சிறிய ஆம்ப்கூடக் குறித்த வாட்டுக்கு மேல் தள்ளும். காயிலில் வெப்பம் ஏறி அதன் பூச்சு கருகும் வாடை வரும். 'குறைந்த வாட் ஆம்ப் சப்பை எரித்துவிடும்' என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான். வெட்டுப்படாமல் ஓட்டினால் குறைந்த வாட் எதையும் எரிக்காது.

கெயினைச் சரியாக வைக்க, சப் வயரைக் கழற்றுங்கள். ஈக்வலைசரைச் சமமாகவும் பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்திலும் வையுங்கள். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். ஆம்ப், சப் இரண்டில் எது குறைவோ அந்த வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 500 வாட், 2 ஓம் என்றால் 31.6. ஆம்ப்பில் சப் வயர் மாட்டும் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, ஏசி வோல்ட்டில் அந்த எண் வரும் வரை கெயினை மெல்ல ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். பிறகு பேஸ் பூஸ்ட்டைத் தொடாதீர்கள். 3 டெசிபல் ஏற்றினாலே அந்த அலைவரிசையில் இரண்டு மடங்கு வாட் கேட்கும்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் மெல்லிய வயர் காலை வாரிவிடும். 500 வாட் கிளாஸ் டி (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) ஆம்ப் முழு வேகத்தில் 45 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 4 கேஜ் (வயரின் தடிமன் அளவு) சுத்தச் செம்பு வயர் போடுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் என்றால் ஒரு படி தடிமனாக வாங்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், வயர் தாங்கும் அளவை மீறாமல். எர்த் வயரும் அதே தடிமன். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போட்டு முறுக்குங்கள்.

லோ பாஸ் ஃபில்டரை (குறித்த அளவுக்கு மேலான ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். சப் பொருத்திய பெட்டி போர்ட் (காற்றுத் துளை) வைத்தது என்றால் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) கட்டாயம். பெட்டி 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகியிருந்தால் 28 முதல் 30-க்குள் வையுங்கள். ட்யூன் அளவுக்குக் கீழே சப்பின் கோனைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது. வாட் அளவுக்குள் இருந்தாலும் காயில் பின்தகட்டில் போய் மோதும்.