படைப்பணியிலிருந்து மருத்துவத் தரவுப் பகுப்பாய்வுக்கு வருவது எப்படி?

படையில் பணியாற்றியவர் கணிதம் பயின்று மருத்துவமனைத் தரவுகளை ஆராயும் வேலைக்கு வர விரும்பினால், பழைய பணியை வெறும் பதவிப் பெயர்களாகத் தற்குறிப்பில் அடுக்காமல், அப்போது எடுத்த முடிவுகளாக எழுதிப் பார்ப்பது முதல் வேலை. இருக்கும் வண்டிகளையும் எரிபொருளையும் எந்த முகாமுக்கு முதலில் அனுப்புவது என்று தீர்மானித்தவருக்கு, போதாத படுக்கைகளை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி புதியதன்று. படையினர் மட்டும் அறிந்த சுருக்கச் சொற்களை நீக்கி, என்ன தட்டுப்பாடு இருந்தது, எதை மாற்றினீர்கள், அதனால் என்ன விளைந்தது என்று பொதுமொழியில் எழுதுங்கள்.

கணிதத்தில் நிகழ்தகவும் புள்ளியியலும் அடித்தளம். அடுத்ததாக, வருவோர் எவ்வளவு காத்திருக்க நேரும் என்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டைப் படிக்கலாம் என்பது என் கருத்து. ஓரிடத்தில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் என்ற விதியை 1961இல் ஜான் லிட்டில் நிறுவினார். அவசரப் பிரிவுக்கு மணிக்கு 6 பேர் வந்து, ஒவ்வொருவரும் சராசரியாக 4 மணி நேரம் தங்கினால், எந்நேரமும் ஏறத்தாழ 24 பேர் அங்கே இருப்பார்கள். படுக்கைகள் 20 மட்டுமே என்றால் நடைபாதையில் நோயாளிகள் காத்திருப்பதற்கு ஊழியர்களின் மெத்தனத்தைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்க்யூஎல் (SQL) இன்றியமையாதது. பைத்தான் (Python), ஆர் (R) ஆகிய இரு நிரல்மொழிகளில் ஒன்று போதும்.

உண்மையான கடினம் தரவில்தான் இருக்கிறது. நோயாளி காலையிலேயே படுக்கையை விட்டுச் சென்றிருக்க, பணிநேர முடிவில் எல்லா விடுவிப்புகளையும் ஒருசேரப் பதிந்தால், படுக்கை மாலைவரை நிறைந்திருந்ததாகவே கணினி காட்டும். பதிவேட்டை யார், எப்போது, எந்த அவசரத்தில் நிரப்புகிறார் என்று கேட்கும் பழக்கம் படையில் இருந்தவருக்கு இயல்பாகவே வரும், அதை விட்டுவிடாதீர்கள். பதிவாகாதவற்றையும் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில், திரும்பி வந்த விமானங்களின் குண்டுத் துளைகளை வைத்துச் சேதத்தைக் கணக்கிட்ட புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட், திரும்பாத விமானங்களையும் கணக்கில் சேர்த்தார். மறுபரிசோதனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி ஒரு சிகிச்சை நன்கு பலனளித்தது என்று எழுதும் அறிக்கையில் இருப்பதும், திரும்பாதவற்றை எண்ணாமல் விடும் இதே குறைதான்: வராதவர்கள் குணமடைந்தார்களா, வேறிடம் சென்றார்களா, இறந்தார்களா என்பது அந்த அட்டவணையில் இல்லை.

வேலைக்கு விண்ணப்பிக்குமுன் ஒரு முழுமையான பகுப்பாய்வையாவது செய்து வைத்திருங்கள். அதற்குப் படைத்துறைத் தரவையோ தெரிந்த மருத்துவமனையின் பதிவுகளையோ தொடக்கூடாது. அடையாளம் நீக்கப்பட்ட தீவிர சிகிச்சைப் பதிவுகளைக் கொண்ட மிமிக் (MIMIC) தரவுத்தொகுப்பை, ஆய்வு நெறிமுறைப் பயிற்சியை முடித்து, பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்கள் பெறலாம். செய்த ஆய்வை இரண்டு பக்கங்களுக்குள் சுருக்கி, கணிதம் அறியாத ஒரு செவிலியரிடம் படிக்கக் கொடுத்து, அவர் தடுமாறும் இடங்களைத் திருத்திய பிறகே அனுப்புங்கள்.