கம்பு முதலில் புளிக்கட்டும், அடுப்பு அப்புறம்

100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் கம்பைத் தின்றால் அந்த ஆறும் ரத்தத்தில் சேராது, பெரும்பங்கு வெளியே போய்விடும். தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கும் பைட்டிக் அமிலம் இரும்பை இறுகப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். அந்தப் பிடியை அறுக்கும் பைட்டேஸ் என்ற நொதியும் அதே தானியத்திலேயே இருக்கிறது. ஈரம், நேரம், லேசான புளிப்பு மூன்றும் கிடைத்தால் அது வேலை செய்யும். கொதித்தால் செத்துவிடும்.

கொங்குப் பக்கம் கம்மஞ்சோற்றை ஆக்கி, உருண்டை பிடித்து, ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் மோர் விட்டுக் கரைப்பது வழக்கம். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் வெந்த பிறகு ஊறுவதால் தானியத்தின் நொதிக்கு அங்கே வேலையே இல்லை. இரும்புக்காகக் கம்பு சாப்பிடுகிறவர்கள் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் புளிக்கவைத்து, அப்புறம் கூழாகக் காய்ச்ச வேண்டும்.

ஒரு டம்ளர் கம்பில் (சுமார் 200 கிராம்) இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துப் பிசிறி, பத்து நிமிடம் விடுங்கள். உரல் இருந்தால் குத்தலாம். இல்லாவிட்டால் மிக்சியில் மூன்று நான்கு முறை விட்டு விட்டு ஓட்டி, உமியைப் புடைத்து எடுங்கள். வெள்ளையாகும்வரை தீட்ட வேண்டாம். தவிட்டோடு இரும்பும் போய்விடும். பிறகு ரவையாக உடைத்து, மண்சட்டியிலோ எவர்சில்வர் போசியிலோ இரண்டரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஒரு கரண்டி புளித்த மோர் விட்டுத் துணியால் மூடுங்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், அந்தப் பாத்திரம் வேண்டாம். உப்பும் இப்போது போடக் கூடாது, புளிப்பது தாமதமாகும்.

சித்திரை வெயிலில் பொழுதோட, அதாவது சாயங்காலம், கரைத்தால் விடியும்போது தயார். மார்கழியில் பதினாறு மணி நேரம்கூட ஆகலாம், அடுப்போரம் வையுங்கள். சிறு குமிழியும் மோர் வாசமும் வந்தால் சரி. நூல் நூலாக இழுத்தாலோ, அழுகல் வாடை அடித்தாலோ, மேலே கருப்பாகவோ சிவப்பாகவோ படர்ந்திருந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள், மேலே வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் காய்ச்சக் கூடாது.

இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைசலை ஊற்றி, சிறுதீயில் இருபது நிமிடம் துழாவ வேண்டும். கை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. அரைவேக்காட்டில் இறக்கினால் வயிறு உப்பும். கசந்தால் குற்றம் காய்ச்சியதில் இல்லை, பழைய மாவில்: கம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம், அரைத்தபின் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். வாரத்துக்கு ஆகுமளவு மட்டும் அரைத்து வையுங்கள்.

ஆறியபின் உப்பு, மோர். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் ஐந்தாறு, பச்சையாக. இது வெறும் ருசிக்கு இல்லை: வெங்காயமும் பூண்டும் சேரும்போது தானியத்தின் இரும்பும் துத்தநாகமும் கூடுதலாக விடுபடுவதை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ஆய்வகத்தில் கண்டு 2010இல் வெளியிட்டார்கள். கூடவே அரை நெல்லிக்காய் இருந்தால் இன்னும் நல்லது. அதன் வைட்டமின் சி, இரும்பைக் குடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றுகிறது. எலுமிச்சையானால் இறக்கி ஆறியபின் பிழியுங்கள், கொதியில் வைட்டமின் சி அழியும்.

இத்தனையும் செய்துவிட்டுக் கையோடு ஒரு டீ குடித்தால் பாதிப் பாடு வீண். 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த டீ இரும்பு உறிஞ்சப்படுவதை 64 சதவீதம் குறைத்தது. காபி 39 சதவீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி கெடுக்கவில்லை, ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது கெடுத்தது. ஆகவே எழுந்ததும் டீ, ஒரு மணி நேரம் கழித்துக் கூழ். அடுத்த டீக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே கணக்குதான். ரத்தசோகை என்று பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் கூழ் ஆகாது.

கொள்ளுக்கும் இதே வரிசைதான். வறுத்து வேகவைத்தால் வாசம் கிடைக்கும், நொதி போய்விடும். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி, முளை எட்டிப் பார்த்தபின் வேகவையுங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், பி1 வைட்டமின் அழிந்துபோகும்.