அஸ்ட்ராஜெனகா கொரோனா தடுப்பூசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேக்ஸெவ்ரியா, கோவிஷீல்டு என்ற பெயர்களில் வந்த அஸ்ட்ராஜெனகா தடுப்பூசி (2024-இல் நிறுவனம் இதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறத் தொடங்கியது) வைரல் வெக்டர் வகையைச் சேர்ந்தது. சிம்பன்சிகளிடம் காணப்படும் ஓர் அடினோவைரஸை, உடலுக்குள் பெருக முடியாதபடி மாற்றி, அதில் கொரோனாவின் ஸ்பைக் புரதத்துக்கான மரபணுவை ஏற்றியிருக்கிறார்கள். கொரோனா வைரஸ் அதில் கிடையாது. அதனால், ஊசி போட்ட மறுநாள் வரும் காய்ச்சலைக் கொரோனா என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். அதேசமயம் இருமல் வந்தாலோ வாசனை தெரியாமல் போனாலோ, 'ஊசியின் வேலை' என்று விட்டுவிடாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மிக ஆபத்தான தவறு, தலைவலி எந்த நாளில் வந்தது என்பதைக் கவனிக்காமல் விடுவது. முதல் ஓரிரு நாளில் கைவலி, உடம்புவலி, காய்ச்சல், தலைவலி எல்லாம் சகஜம், பாராசிட்டமாலுக்கு அடங்கும். ஆனால் நான்காம் நாளுக்குப் பிறகு கடும் தலைவலி புதிதாகத் தொடங்கினால், படுத்தால் அதிகமானால், பார்வை மங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம், விடாத வயிற்றுவலி, ஊசி போட்ட இடத்தைத் தாண்டித் தோலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலும் அப்படியே.

இது டி.டி.எஸ். (ரத்த உறைவும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வருவது) எனப்படும் மிக அரிதான பாதிப்பாக இருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் தூண்டிவிடும் எதிர்ப்புப் பொருள் உடலில் உருவாவதால், ஒரு பக்கம் ரத்தம் உறைகிறது, மறுபக்கம் தட்டணு எண்ணிக்கை சரிகிறது. வழக்கமான ரத்த உறைவுக்குத் தரும் ஹெப்பாரினை இதில் பொதுவாகத் தவிர்த்து வேறு மருந்து தருவார்கள். அதனால்தான், எந்தத் தடுப்பூசி, எந்தத் தேதியில் போட்டது என்பதை அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பிரினை வாங்கி வீட்டிலேயே சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

ஊசிக்கு முன் மறைக்கக் கூடாதவையும் உண்டு: முந்தைய தவணைக்குப் பின் வந்த ரத்த உறைவு, கேப்பில்லரி லீக் நோய் (நுண் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது), ஊசி மருந்தில் உள்ள பாலிசார்பேட் 80 உள்ளிட்ட பொருட்களுக்கு ஒவ்வாமை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. செவிலியரிடம் சொன்னால், ஊசி போட்ட இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிப்பார். போட்டதும் 15 நிமிடமாவது அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

2024-இல் நிறுவனம் இந்த டி.டி.எஸ். பாதிப்பை நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும், 2021-இல் ஊசி போட்டவர்கள்கூடக் கலங்கினார்கள். ஆனால் 2021-லேயே ஐரோப்பிய மருந்து முகமை இதைப் பக்கவிளைவாகத் தகவல் தாளில் சேர்த்துவிட்டது. இது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தெரியவரும். ஆண்டுகள் கழித்து டி-டைமர் (ரத்த உறைவின் அறிகுறியைத் தேடும் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பார்த்து, அளவு கூடியிருந்தால் பழியை ஊசிமேல் போடுவது சரியல்ல. வயது, தொற்று, கர்ப்பம், அறுவை சிகிச்சை என எத்தனையோ காரணங்களால் அந்த அளவு கூடும்.