ஆணியும் மயில்துத்தமும்: எந்த உலோகம் எதைத் தள்ளும்னு கண்ணாலயே பாக்கலாம்

பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, தங்கம். இந்த வினைபடுதிறன் வரிசைய ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிருப்பீங்க. மேல இருக்கறது கீழ இருக்கறத அதோட உப்புக் கரைசல்லருந்து வெளிய தள்ளிடும், அவ்ளோதான் விஷயம். சோடியத்த தண்ணில போடறதெல்லாம் வேணாம், வெடிக்கும்.

1. கிளவுஸ் போட்டுக்கிட்டு, கண்ணாடி டம்ளர்ல 100 மில்லி தண்ணி ஊத்தி ஒரு டீஸ்பூன் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட், அதாவது செம்போட உப்பு) கரைங்க. இது விஷம், அதனால அந்த டம்ளர மறுபடி சமையல்கட்டுப் பக்கமே கொண்டுபோகாதீங்க.

2. இரும்பு ஆணிய உப்புத்தாள்ல நல்லா தேய்ங்க. நான் மொதல் தடவ தேய்க்காம அப்படியே போட்டுட்டு அர மணி நேரம் முழிச்சிட்டு உக்காந்திருந்தேன், ஆணி மேல எண்ணெப் பிசுக்கு இருந்திருக்கு. துத்தநாகம் பூசின ஆணியும் வேணாம், அதுல மொதல்ல வேல செய்யறது துத்தநாகம், இரும்பு இல்ல.

3. ஆணியப் பாதி முங்கற மாதிரி நிறுத்துங்க. கொஞ்ச நேரத்துலயே முங்கின பாதி மட்டும் செம்பு நிறமாயிடும், வெளிய இருக்கற பாதி அப்படியே இருக்கும். இரும்பு அணு எலக்ட்ரானக் குடுத்துட்டு கரைசலுக்குள்ள போகுது, அத வாங்கிக்கிட்டு செம்பு வெளிய வந்து ஆணில ஒட்டிக்குது.

4. இப்ப அலுமினிய ஃபாயில். இது வரிசைல இரும்புக்கும் மேல, அப்ப இன்னும் வேகமா நடக்கணும்ல? வேற டம்ளர்ல கொஞ்சம் கரைசல் ஊத்தி ஃபாயிலப் போட்டுப் பாருங்க, சும்மா கெடக்கும். அது மேல இருக்கற மெல்லிசான ஆக்சைடு படலம் தடுக்குது. ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பு போடுங்க, குளோரைடு அந்தப் படலத்த ஓட்ட போட்டுடும், அப்புறம் பாருங்க கூத்த, நுரைக்கும், டம்ளர் சூடாகும், ஃபாயில் பிஞ்சுபோய் செம்பழுப்பா வண்டல் தங்கும். வர்ற குமிழி ஹைட்ரஜன், பக்கத்துல நெருப்பு கூடாது.

5. ஆணி டம்ளர்ல மிச்சமிருக்கற கரைசல சிங்க்ல கொட்டிடாதீங்க. அதுல இரும்பு நாரப் போட்டு ஒரு நாள் விடுங்க, நீலம் போயி வெளிறின பச்சையாயிடும். அதுல ஒரு செம்புக் கம்பிய போட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது.