கடைக்கு வெப்சைட் போடுமுன்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தவிர்க்க வேண்டிய பிழைகள்

காத்தான்குடியில் புடவைக்கடை, மருதமுனையில் கைத்தறி, பாசிக்குடாவில் நாலு அறை விடுதி, கல்லடியில் கேக் ஓடர். தொழில் எதுவானாலும் வெப்சைட்டில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். நிறம் சரியில்லை, முகப்பு வடிவாக இல்லை என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். போனோடு வீதியில் நிற்கிற ஒருவருக்கு விலை, இடம், நம்பர் மூன்றும் உடனே கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி.

சாவி யாரிடம்?

தெரிந்த தம்பி ஒருவரிடம் காசைக் கொடுத்து, "எல்லாத்தையும் நீங்களே பாருங்கோ" என்று விட்டுவிடுவதில்தான் பெரிய பிழை தொடங்குகிறது. அவர் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, தன்னுடைய மின்னஞ்சலில், தன்னுடைய கணக்கில் பதிந்துவிடுவார். கெட்ட எண்ணத்தில் அல்ல, அவருக்கு அது இலகு. இரண்டு வருடம் கழித்து அவர் கட்டாருக்குப் போயிருப்பார். "புதுப்பிக்கவும்" என்ற அறிவித்தல் அவருடைய பெட்டிக்குத்தான் போகும். டொட் கொம் பெயர் ஒன்று காலாவதியானால், பதிவு நிறுவனம் தரும் சலுகை நாட்கள் முடிந்து அது நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக்காலம் உண்டு. அந்த நாட்களில் மீட்க வழமையான கட்டணத்துக்கு மேலே தண்டம் கட்ட வேண்டும். அதன்பின் 5 நாள் கழிய, அந்தப் பெயரை உலகத்தில் யாரும் எடுக்கலாம். விசிட்டிங் கார்டிலும் கடைப் பலகையிலும் அச்சடித்த பெயர் அது.

கடையைக் கட்டிய மேசன் சாவியையும் கொண்டுபோக யாராவது விடுவோமா?

ஆகவே முதல் வேலை, வியாபாரத்தின் பெயரில் புதிய ஜிமெயில் ஒன்று திறப்பது. மீட்பு நம்பராக உரிமையாளரின் போன் நம்பரைக் கொடுத்து, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்) அந்த முகவரியிலேயே பதியட்டும். தளம் செய்பவருக்கு, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தனிக் கணக்கு ஒன்று போதும். பேஸ்புக் பக்கத்திலும் கூகுள் பிஸ்னஸ் புரொபைலிலும் உரிமை உங்களிடம் இருக்கட்டும், அவர் மனேஜராக இருக்கட்டும். ஏற்கனவே வேறொருவரின் கணக்கில் இருக்கிறதென்றால், அதே பதிவு நிறுவனத்தில் நீங்களும் ஒரு கணக்குத் திறந்து பெயரை அதற்கு மாற்றச் சொல்வதுதான் சுலபம். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதானால் பெயரின் இடமாற்றப் பூட்டைத் திறந்து இடமாற்றக் குறியீடு வாங்க வேண்டும். பதிந்து 60 நாள் ஆகாத பெயரை அப்படி நகர்த்துவது கடினம். டொட் எல்கே பெயர்கள் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் கீழ் வருவதால், அங்குள்ள கணக்கில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

டொட் இலங்கை என்று முழுக்கத் தமிழிலேயே முகவரி எடுக்கவும் வழி உண்டு. ஆசைக்கு ஒன்று எடுத்து வைக்கலாம். ஆனால் எல்லாருடைய போனிலும் தமிழ் விசைப்பலகை இருக்காது, அதை மட்டும் நம்பிப் பலகை அடிக்க வேண்டாம்.

பாமினியில் அடித்த தமிழ்

நம்மூர் அச்சகங்களில் நோட்டீஸ் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்படுவது உண்டு. அந்தக் கோப்பில் இருந்து வெட்டித் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வரும். பாமினியில் தமிழ் என்பது வெறும் தோற்றம்தான், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. இதைச் சமாளிக்கப் பலர் நோட்டீஸைப் படமாகவே ஏற்றிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும், ஆனால் தேடலில் சிக்குவது சந்தேகம். நம்பரைத் தொட்டு அழைக்கவும் முடியாது, விலை மாறினால் முழுப் படத்தையும் மாற்ற வேண்டும். எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி விழும்.

ஆங்கிலத்துக்குச் செய்த தீம்களில் (ஆயத்தத் தள வடிவங்களில்) தமிழைப் போடும்போது வேறு தொல்லைகள் வரும். தலைப்புகளின் வரி இடைவெளி 1.2 என்று இருக்கும். தமிழில் மேல் வரியின் உகர வாலும் கீழ் வரியின் இகரச் சுழியும் முட்டிக்கொள்ளும். தலைப்புக்கு 1.4, உடற்பகுதிக்கு 1.7 வைத்துப் பாருங்கள். எழுத்திடை வெளியைச் சுழியமாக்குங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒரு எழுத்துரு, அதிலும் சாதாரணம், தடிப்பு என்ற இரண்டு கனம் மட்டும் போதும். பொத்தானில் "முன்பதிவு செய்யுங்கள்" என்று எழுதினால் சின்னப் போனில் வெளியே வழியும். "அறை பதிய" என்றால் அடங்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று பக்க முகவரி. தலைப்பைத் தமிழில் அடித்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே ஆக்கும். பகிரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 ஆங்கிலக் குறிகளாக விரியும். வட்ஸ்அப்பில் அது நாலு வரிக்கு எண்ணும் விழுக்காட்டுக் குறியுமாகக் கிடக்கும், பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடமாட்டார். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நாலு சொல்லாகச் சுருக்குங்கள். எஸ்எம்எஸ் விளம்பரத்திலும் இதே கணக்குத்தான். ஆங்கிலத்தில் 160 குறி போகும் ஒரு செய்தி தமிழில் 70தான். "கொ" ஒன்றே இரண்டு குறியாக எண்ணப்படும். 71ஆவது குறியில் இரண்டாவது செய்திக்கும் காசு.

படம்

12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4000க்கு 3000 அளவில், 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். அப்படியே பத்துப் படம் ஏற்றினால் ஒரு பக்கம் 40 எம்பி. பொத்துவில் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் யார் காத்திருப்பார்? அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி வடிவில் 75 முதல் 80 தரத்தில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி இதற்குப் போதும். முதற்படத்துக்கு "லேஸி லோடிங்" (கீழே உருட்டும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) போட வேண்டாம், கீழே உள்ளவற்றுக்கு மட்டும் போடுங்கள். முக்கியப் படமோ எழுத்தோ 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. வேகம் அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் பகுதியைப் பாருங்கள், டெஸ்க்டொப் புள்ளியைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். உருளும் ஸ்லைடர் வேண்டவே வேண்டாம்.

நம்பரில் ஒரு சுழியம்

வட்ஸ்அப் இணைப்பில் நம்பர் 94 என்று தொடங்கி, அடுத்து 77, 71 போன்ற மொபைல் எண் வர வேண்டும். கூட்டல் குறி கூடாது, 077இன் முன்சுழியமும் கூடாது. 94077 என்று போட்டால் இணைப்பு வேலை செய்யாது.  அறிமுகமில்லாத ஒருவரின் போனில் தொட்டுச் சரிபாருங்கள். மட்டக்களப்பு 065, கல்முனை 067, அம்பாறை 063 என்ற நிலையான இணைப்புகளையும் முன்சுழியத்தை எடுத்து 94 சேர்த்தே எழுதுங்கள்.

ஏனென்றால் நம் பக்கத்து ஓடர்களில் ஒரு பங்கு வெளியில் இருந்து வரும். லண்டனில் இருக்கும் மகள் ஆரையம்பதியில் இருக்கும் அம்மாவுக்குக் கேக் அனுப்புவார். படிவத்தில் 10 இலக்கம் மட்டும் ஏற்கும் ஒரே ஒரு போன் பெட்டி இருந்தால் அவர் நம்பரை அடிக்கவே முடியாது. அனுப்புபவர் நம்பர், பெறுபவர் நம்பர் என இரண்டு பெட்டி வையுங்கள். எந்த ஊரில் இருந்து எந்த ஊர் வரை கொண்டுபோய்க் கொடுப்பீர்கள், இலங்கை நேரம் எத்தனை மணிக்குள் சொன்னால் அன்றைக்கே கிடைக்கும், பேஹியர் போன்ற இணையக் கட்டண வழியில் கார்ட் எடுப்பீர்களா என்பதெல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும். "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" என்று எழுதுவதை விட "ஒரு கிலோ இத்தனை ரூபாயிலிருந்து" என்று எழுதுவது வீண் அரட்டையைக் குறைக்கும்.

பிரதான வீதி, எந்த ஊர்?

"இல. 20, பிரதான வீதி" என்று மட்டும் எழுதினால் அது காத்தான்குடியா, கல்முனையா, அக்கரைப்பற்றா? எல்லா ஊரிலும் பிரதான வீதி உண்டு. தபாலுக்கு எழுதுவது போலக் காத்தான்குடி-06, மருதமுனை-03 என்று பிரிவு எண்ணோடு தளத்திலும் பேஸ்புக்கிலும் கூகுள் புரொபைலிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். மெப்பில் குத்தும் புள்ளியை ஒழுங்கையின் நடுவில் விடாமல் கடை வாசலுக்கு இழுத்து வையுங்கள். பெயரில் "மட்டக்களப்பின் சிறந்த" என்று விளம்பரச் சொற்களைச் சேர்ப்பது கூகுள் விதிக்கு முரண், புரொபைல் முடக்கப்படலாம். கழிவு தருகிறோம், விமர்சனம் எழுதுங்கள் என்று கேட்பதற்கும் அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், நோன்புக் காலம், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி நாட்களுக்கான திறப்பு நேரத்தைத் தனியாகப் பதியுங்கள். மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார்.

தளத்தைத் திறக்கும் நாளில் இரண்டு விஷயம் பாருங்கள். தேடுபொறிகள் வரவேண்டாம் என்று வேர்ட்பிரஸின் வாசிப்பு அமைப்பில் ஒரு சரிக்குறி இருக்கும். கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறப்பார்கள், பிறகு மாதக்கணக்காகக் கூகுளில் கடை வராது. மற்றது தொடர்புப் படிவம். நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எஸ்எம்டிபி (மின்னஞ்சலை முறையான சேவர் வழியாக அனுப்பும் ஏற்பாடு) அமைக்காத தளங்களில் இருந்து போகும் மின்னஞ்சல் பெரும்பாலும் ஸ்பாமில் விழும், இல்லாவிட்டால் வரவே வராது.

விளம்பரத்தில், காசு கட்டிப் பதிவைப் பரப்பும் பேஸ்புக் பூஸ்ட் பொத்தான் கையைக் கடிக்கும். கேக் கடைக்கு முழு இலங்கையையும் தெரிவு செய்தால் காலியில் இருப்பவர் லைக் போடுவார். அறுகம்குடா விடுதியின் கதை நேர்மாறு. சுற்றுவட்டத்தில் இருப்பவருக்கு அறை தேவையில்லை, கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவருக்குத்தான் காட்ட வேண்டும். நோக்கம் லைக் அல்ல, மெசேஜ் என்று மாற்றிவிடுங்கள். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக் காலம் மே முதல் ஒக்டோபர் வரை, பாசிக்குடாக் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. பயணம் வருபவர் மாதங்களுக்கு முன்பே தேடத் தொடங்கிவிடுவார். புதிய பக்கம் ஒன்று கூகுளில் ஏறவும் வாரக்கணக்கு, சிலவேளை மாதக்கணக்கு எடுக்கும். ஆகவே அறைப் படங்களும் விலையும் ஜனவரியில், வடகீழ்ப் பருவ மழை ஓயும் நாட்களில், தளத்தில் ஏறியிருக்க வேண்டும்.