தேர்தல் செய்தியை வாசிக்கிற விதம்

தேர்தல் காலத்தில் பேப்பரை எடுத்தால் முதலில் தலைப்பில் உள்ள வினைச்சொல்லைப் பாருங்கள். சாடினார், சூளுரைத்தார், மழுப்பினார் என்று இருந்தால் அதை எடுத்துவிட்டு 'சொன்னார்' என்று போட்டு வாசியுங்கள், வேட்பாளர் சொன்னது எது, செய்தி ஏற்றிய சூடு எது என்று அப்போதே பிரிந்துவிடும்.

இலங்கையின் வடக்கே பருத்தித்துறையில் ஒரு வேட்பாளர் அரை மணித்தியாலம் இந்திய இழுவைப் படகுகள் பற்றியும் அறுந்துபோகும் வலைகள் பற்றியும் கதைத்துவிட்டு, கடைசியில் மற்றக் கட்சியைப் பற்றி ஒரு வரி சொல்கிறார் என்று வையுங்கள். மறுநாள் அந்த ஒரு வரிதான் தலைப்பு. வலை அறுந்த கதை ஐந்தாம் பந்தியில் கிடக்கும், இல்லாமலும் போகும். எனக்குக் கோபம் வருவது இதில்தான். அதனால் கீழிருந்து மேலாக வாசியுங்கள், கிடைத்தால் முழுப் பேச்சின் வீடியோவையும் பாருங்கள்.

அப்புறம், யார் முந்துகிறார் என்ற செய்திகள். கட்சிக்குப் போடும் வாக்கோடு அதே கட்சியில் பிடித்த வேட்பாளருக்கும் போடுகிற விருப்பு வாக்கு இருப்பதால் ஒரே கட்சிக்காரருக்குள்ளும் போட்டி, ஆகவே இவற்றுக்குக் குறைவில்லை. வேகமாகக் கடந்து போங்கள்.

எண்களில் நின்று கவனியுங்கள். 2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3, தமிழ்க் கட்சி அல்லாத தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அதையே 'மாற்றத்துக்கான வாக்கு' என்றும் எழுதலாம், 'சிதறிய தமிழ் வாக்கு' என்றும் எழுதலாம். எண் ஒன்றுதான், ஆனால் ஒன்று வாக்காளரைப் பார்க்கிறது, மற்றது கட்சிகளைப் பார்க்கிறது.

ஒரு கொப்பியில் காணி விடுவிப்பு, அதாவது இராணுவம் வைத்திருக்கும் காணிகளைச் சனத்திடம் திருப்பிக் கொடுப்பது பற்றி யார் என்ன சொன்னார், எப்போதைக்குள் என்றார் என்று குறித்து வையுங்கள். செய்தியில் அது இல்லையென்றால் வாசலுக்கு வாக்குக் கேட்டு வரும்போது நேரே கேளுங்கள்.