ஆட்டோமேஷன் மோட் மாறினால் மிக்ஸ் கெடும்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் சின்ன ஸ்டுடியோவுக்கு ஒரு பதிக ஆல்பம் வருகிறது என்று வையுங்கள். ஓதுவார் மேல் ஸ்தாயியில் முழங்குகிறார், வரியின் கடைசிச் சொல்லில் குரலை அடக்கிவிடுகிறார். மிருதங்கத்துக்கு அடியில் அந்தச் சொல் புதைந்துபோகிறது. அதை மேலே கொண்டுவரத்தான் ஃபேடர் ஆட்டோமேஷன்: ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை (ஃபேடரை) நாம் நகர்த்துவதைப் பதிந்துகொண்டு, பாட்டு ஓடும்போது தானே அப்படியே நகர்த்தும் வசதி. ஆனால் எந்த மோடில் (பதியும் முறையில்) நிற்கிறோம் என்று பார்க்காமல் பிளே அழுத்தினால், செய்து வைத்த வேலையும் போய்விடும்.

அதிகம் பயப்பட வேண்டியது ரைட் மோடுக்கு. பிளே அழுத்தியதிலிருந்து நிறுத்தும் வரை, ஃபேடரைத் தொடாவிட்டாலும் அது நிற்கும் அளவே பதிவாகும்; பழைய ஆட்டோமேஷன் பதிவு அழியும். மியூட் (ஒலியை அடைப்பது), பேன் (ஒலியை இடம்-வலம் நகர்த்துவது), சென்ட் (எக்கோ போன்றவற்றுக்கு ஒலியை அனுப்புவது) எல்லாம் ஆட்டோமேஷனுக்குத் திறந்திருந்தால் அவையும் சேர்ந்தே அழியும். அதனால் முதல் ஓட்டத்துக்கு மட்டும் ரைட், வேண்டியதை மட்டும் திறந்து வைத்து. முடிந்ததும் டச்சுக்கு மாறிவிடுங்கள். ஒரு ரைட் ஓட்டம் முடிந்தால் தானே டச்சுக்கோ லாட்ச்சுக்கோ மாறும்படி ப்ரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம்.

டச்சும் லாட்ச்சும் ஒன்றுபோலத் தெரியும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டச்சில் விரலை எடுத்தால் ஃபேடர் பழைய அளவுக்குத் திரும்பும். லாட்ச்சில் விட்ட இடத்திலேயே நிற்கும், பாட்டை நிறுத்தும் வரை அந்த அளவையே எழுதிக்கொண்டு போகும். ஒரே ஒரு சொல்லை ஏற்ற லாட்ச் போட்டுவிட்டு மீதிப் பாட்டையும் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த சரணத்தில் செதுக்கியதெல்லாம் தட்டையாகிவிடும். சொல்லுக்கு டச், ஒரு பகுதி முழுவதையும் மாற்ற லாட்ச். இன்னொன்று: தொடுவதை உணரும் ஃபேடருக்கு விரலின் தோல் பட வேண்டும். நகத்தாலோ பேனா முனையாலோ தள்ளினால் டச் பதியாமல் போகலாம். நம் ஊர்க் கடல்காற்றின் உப்பும் ஈரமும் ஃபேடருக்கு ஆகாது. வேலை முடிந்ததும் மூடி வையுங்கள்.

"குரல் மொத்தமா ஒரு டிபி ஏத்துங்க" (டிபி என்பது டெசிபல், ஒலி அளவின் அலகு) என்று பாடியவர் கேட்டால், பதிந்ததை ஓட்ட மட்டும் செய்யும் ரீட் மோடில் ஃபேடரைத் தள்ளிப் பயனில்லை; அது பழைய இடத்துக்கே போய்விடும். கோபத்தில் ஆட்டோமேஷனையே அணைக்கவும் வேண்டாம். ட்ரிம் மோட் அதற்காகவே இருக்கிறது: பழைய ஏற்ற இறக்கம் அப்படியே இருக்க, மொத்தமும் உயரும்.

கம்ப்ரஸரில் (உரத்த ஒலியை அடக்கும் கருவியில்) நசுங்கிய குரலை ஃபேடரால் மீட்க முயல்வதும் வீண். பொதுவாக ஃபேடர் கம்ப்ரஸருக்குப் பிறகு வருகிறது. முழங்கும் வரிகளை கிளிப் கெய்னில் (பதிவுத் துண்டின் அளவையே கம்ப்ரஸருக்கு முன் மாற்றும் வசதியில்) முதலில் குறையுங்கள், அப்புறம் ஆட்டோமேஷன்.

திருவிழா மேடையில் டிஜிட்டல் மிக்ஸர் வைத்திருப்பவர்களுக்கு இதே சிக்கல் சீன் ரீகாலில் (சேமித்து வைத்த மிக்ஸர் அமைப்பை மொத்தமாகத் திரும்ப அழைப்பதில்) வரும். நாதஸ்வரத்திலிருந்து பாட்டுக் கச்சேரிக்கு சீன் மாற்றும்போது அறிவிப்பாளரின் மைக் மியூட் ஆகிவிடக் கூடாது. அந்தச் சேனலை ரீகால் சேஃபில் போட்டுவிடுங்கள், எந்த சீன் வந்தாலும் அசையாது.